650 ரூபாய் தராசும் கொடைக்கானலில் குறைந்த 0.18 கிராமும்

தக்கலையில் வீட்டு மாடியில் வைத்து பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இந்தத் தராசை நான் வாங்கியது நகை எடைபோடவோ கேக் செய்யவோ இல்லை, ஈர்ப்பியல் பாடத்துக்காக. அதனால் சமையலறைக்கு ஒன்று வாங்கலாமா என்று பார்க்க வந்தவர்களுக்கு நான் எழுதுவதில் முக்கால்வாசி தேவைப்படாது, நேராகக் கீழே போய்விடுங்கள், பேட்டரி, மூடி, காற்று எல்லாம் அங்கே இருக்கிறது.

பொருள் இதுதான்: 600 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. ஆன்லைனில் 650 ரூபாய். கம்பெனி பெயரை எழுதவில்லை, எழுதியும் பயனில்லை, இதே கறுப்புப் பெட்டி இதே நீல வெளிச்சத்தோடு பத்துப் பெயரில் விற்கிறது. உள்ளே இரண்டு பேட்டரி, ஒரு பிளாஸ்டிக் மூடி, 100 கிராம் எடைக்கல் ஒன்று, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு காகிதம். அது போதாது என்று தனியாக 500 கிராம் ஸ்டீல் எடைக்கல் ஒன்றை 900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தராசை விட கல்லுக்கு விலை கூட என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஏன் வாங்கினேன் என்றால், போன வருஷம் குளச்சலில் இருந்து வரும் ஒரு பையன் கேட்ட கேள்விதான். உயரம் கூடினால் புவியீர்ப்பு முடுக்கம் குறையும் என்று கரும்பலகையில் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன், அவன் பின்வரிசையில் இருந்து, "சார், குறையும் குறையும்னு சொல்லாண்டாம், நீங்க எப்பவாவது கண்ணால பாத்திருக்கீங்களா?" என்றான். இருபது வருஷமாக அந்தச் சூத்திரத்தை எழுதுகிறேன், பார்த்ததில்லை. யாருமே கேட்டதும் இல்லை. அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்த அன்றே முதல் குழப்பம். 500 கிராம் கல்லை வைத்தால் 499.34 காட்டியது. எடுத்து வைத்தாலும் அதே, திருப்பி வைத்தாலும் அதே. விற்பனைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், "எடை குறைத்துக் காட்டுகிறது, ஏமாற்று வேலை" என்று ஏகப்பட்ட பேர் திட்டியிருக்கிறார்கள். நானும் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன், ஆனால் அந்தப் பாடத்தை நடத்துகிற ஆள் நானே அல்லவா, கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தேன்.

இந்த மாதிரித் தராசுக்குள் இருப்பது ஒரு சின்ன உலோகக் கட்டை. மேலே பாரம் வைத்தால் மயிரிழைக்கும் குறைவாக வளையும், அந்த வளைவை மின் தடையின் மாற்றமாக அளந்து எண்ணாகக் காட்டும். அதாவது இது அறிவது கல்லின் நிறையை அல்ல, பூமி அந்தக் கல்லை எவ்வளவு இழுக்கிறது என்பதை. தொழிற்சாலையில் ஒரு கல்லை வைத்து, "இவ்வளவு இழுத்தால் அதற்குப் பெயர் 500" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அப்படி இல்லையே. நம் குமரி மாவட்டம் 8 டிகிரி வடக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது, இங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.781 (மீட்டர்/விநாடி²). டெல்லியில் 9.791. பெட்டியில் சீனா என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, ஷாங்காய் பக்கம் என்றால் 9.794. அங்கே 500 என்று பழக்கிய தராசு இங்கே அதே கல்லை ஏறக்குறைய 499.34 என்றுதான் சொல்லும். எனக்கு வந்ததும் அதே 499.34. இதை வைத்து, தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன், 650 ரூபாய்ச் சாமானில் அந்த அளவுக்குச் சாதாரணப் பிழையே இருக்கலாம். ஆனால் ஏமாற்று என்று திட்டியவர்களில் எத்தனை பேர் தென்கோடியில் இருந்து எழுதினார்களோ என்று ஒரு சந்தேகம்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால் இரண்டு காரணம். பூமி சுற்றுவதால் நடுக்கோட்டுப் பக்கம் நம்மைக் கொஞ்சம் வெளியே தள்ளப் பார்க்கிறது, அது பெரிய பங்கு. இன்னொன்று, பூமி சரியான உருண்டை இல்லை, இடுப்புப் பக்கம் பிதுங்கியிருக்கிறது. மையத்தில் இருந்து துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டுக்கு 6,378. நாம் கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டு நின்றாலும், துருவத்தில் நிற்கிறவனை விட மையத்தில் இருந்து கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறோம். தூரம் கூடினால் இழுப்பு குறைவு.

தராசு பற்றிக் கேட்க, எனக்குத் தெரிந்த ஒரு நகை ஆசாரியிடம் கல்லைக் கொண்டு காட்டினேன், அவர் வயசானவர். என் ஸ்டீல் கல் சரியாக இருந்தது, பெட்டியோடு வந்த இலவச 100 கிராம் கல் 99.94தான் (இது முதல் குறை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்). நான் ஊருக்கு ஊர் எடை மாறும் கதையைச் சொன்னதும் அவர் அலமாரியில் இருந்து பழைய இரட்டைத் தட்டுத் தராசை எடுத்து மேசையில் வைத்தார். "சாரே, இது எங்க அப்பா காலத்துச் சாமானம். இத நிலாவுல கொண்டு வச்சாலும் பவுன் பவுனாத்தான் இருக்கும்," என்றார். உண்மை. அதில் கல்லுக்குக் கல் ஒப்பிடுகிறோம், இழுப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும், முள் நடுவிலேயே நிற்கும். நான் பத்து நிமிஷம் சொல்லிப் புரியவைப்பதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார், அடுத்த நாள் வகுப்பில் அதை அப்படியே எடுத்து விட்டேன்.

சரி, தராசில் 'கேல்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, கேட்கிற கல்லை வைத்தால், "இந்த ஊரில் இவ்வளவு இழுத்தால் 500" என்று புதிதாகக் கற்றுக்கொள்ளும். தக்கலையில் வைத்து அதைச் செய்தேன். 500.00 வந்தது. இந்தப் பட்டனை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு கதை இருக்கிறது.

இனி உயரம். பிள்ளைகளிடம் முதலில் கேட்டேன், எவ்வளவு உயரம் போனால் இந்தத் தராசில் கடைசி எண் ஒன்று குறையும்? ஒருத்தி வள்ளுவர் சிலை உயரம் என்றாள். கணக்குப் போட்டோம். சிலை 133 அடி, சுமார் 40 மீட்டர். உயரத்தை இரண்டால் பெருக்கி பூமியின் ஆரத்தால் வகுத்தால், குறைகிற பங்கு கிடைக்கும், சின்ன உயரங்களுக்கு அது போதும். 500 கிராமுக்கு 0.006 கிராம் வருகிறது. தராசு அசையவே அசையாது. ஒரே ஒரு எண் குறைய 64 மீட்டர் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் ஏமாற்றம். எல்லாரும் தரையில் இருந்து உயரத்தை அளக்கிறார்கள், தரையில் இருந்து இரண்டு மடங்கு ஏறினால் இழுப்பு கால்வாசி ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. பூமிக்கு நம் தரை எங்கே என்று தெரியாது. அதன் கணக்கு மையத்தில் இருந்து தொடங்குகிறது, நாம் ஏற்கெனவே 6,378 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறோம், அதன் மேல் ஒரு சிலை உயரம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. கால்வாசி ஆக வேண்டுமென்றால் இன்னொரு 6,378 கிலோமீட்டர் ஏற வேண்டும்.

அடுத்து மருந்துவாழ்மலை. உச்சி சுமார் 800 அடி என்பார்கள், 240 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.04 கிராம் குறைய வேண்டும், நாலு எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆறு பிள்ளைகளோடு பொற்றையடியில் இறங்கி, அடிவாரத்தில் ஒரு திண்ணையில் வைத்துப் பார்த்துவிட்டு ஏறினோம். கீழே 500.00, 499.99. மேலே போய் பாறையில் வைத்தால் முதலில் 499.88, அடுத்து 500.11, அப்புறம் 499.95, அப்புறம் ஒன்றுமே வைக்காமல் 0.07. காற்று. கடற்காற்று அந்த உச்சியில் எப்படி அடிக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் மூடி தட்டை மூடுகிற உயரத்துக்குத்தான் இருக்கிறது, 500 கிராம் கல்லை வைத்தால் மூடி உட்காராது. இது இரண்டாவது குறை. பாறைச் சூட்டில் தராசு சூடாகச் சூடாக பூஜ்யமும் நகர்ந்துகொண்டே போனது. முழுத் தோல்வி. பிள்ளைகள் தராசை மறந்து குகைப் பக்கம் போய்விட்டார்கள். அந்த மலையில் நாராயண குரு தவம் இருந்தார், நான் அரை மணி நேரம் பூஜ்யத்துக்காகத் தவம் இருந்தேன்.

ஆனால் இதைத் தராசின் குற்றம் என்று சொல்லமாட்டேன். 0.01 கிராம் காட்டுகிற தராசிடம் திறந்த வெளியில் நாலு எண்ணை நம்பி வாங்கப் போனது என் தப்பு. நில ஆய்வுக்காரர்கள் வைத்திருக்கும் ஈர்ப்புமானி என்று ஒன்று உண்டு, அதைத் தரையில் இருந்து மேசைக்குத் தூக்கி வைத்தாலே வித்தியாசம் காட்டிவிடும். ஒரு மீட்டர் ஏற்றத்தில் ஈர்ப்பு சுமார் 32 லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது, அதையே அது பல நூறாகப் பிரித்துக் காட்டும். அதன் விலைக்கு நம் ஊரில் ஒரு வீடு கட்டலாம்.

மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிற பேச்சு வந்ததும் தராசு ஞாபகம் வந்தது. வேனில் இடம் இருந்ததால் டியூஷன் பிள்ளைகள் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டார்கள். தக்கலையில் இருந்து வத்தலக்குண்டு வரை என்ன பேசுவது, கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள், எனக்கும் பொழுது போனது.

வளைகுடாவில் அப்பா வேலை பார்க்கிற ஒரு பையன், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் எடை குறையுமா என்றான். 11 கிலோமீட்டர் உயரத்தில் 60 கிலோ ஆளுக்கு சுமார் 200 கிராம் குறையும், இறங்கினால் திரும்பி வந்துவிடும். அப்படியானால் விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பே இல்லைதானே என்று அடுத்த ஆள். இந்தத் தப்பு அபிப்ராயம் பெரியவர்களிடமும் உண்டு, இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற மகேந்திரகிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் அப்படிச் சொல்லலாமா? நிலையம் இருப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில். மையத்தில் இருந்து பார்த்தால் 6,378 என்பது 6,778 ஆகிறது, அவ்வளவே. தரையில் இருக்கும் இழுப்பில் 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் இருப்பதால் பூமியில் மோதாமல் சுற்றி வந்துவிடுகிறார்கள், காலுக்குக் கீழே தரை எதிர்த்துத் தள்ளாததால் எடை தெரிவதில்லை. என் தராசை அங்கே கொண்டு வைத்தால் பூஜ்யம் காட்டும், ஆனால் பூமி இழுப்பதை நிறுத்தியிருக்காது. போனில் வழி காட்டுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அங்கே இழுப்பு 17இல் ஒரு பங்கு. டிவி டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டரில், 44இல் ஒரு பங்கு. நிலா பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600, அந்த இடத்தில் பூமியின் இழுப்பும் 3,600இல் ஒரு பங்குதான், ஆனாலும் நிலாவைக் கட்டி வைத்திருக்க அது போதுமாக இருக்கிறது. நியூட்டன் சரிபார்த்துப் பார்த்ததும் இந்தக் கணக்கைத்தான், 1687இல் வந்த அவர் புத்தகத்தில் இருக்கிறது.

அங்கேயிருந்து பேச்சு மற்ற கிரகங்களுக்குப் போனது. நிலாவின் நிறை பூமியில் 81இல் ஒரு பங்கு, அப்படியென்றால் அங்கே எடையும் 81இல் ஒன்றாக வேண்டாமா, ஏன் ஆறில் ஒன்று என்கிறார்கள் என்று திருவட்டாறு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. நிலா சின்னது, அதன் மேல் நின்றால் மையம் நமக்கு வெறும் 1,737 கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. சரக்கு குறைவு, ஆனால் கிட்டத்தில் இருக்கிறோம். சனியில் இதற்கு நேர் எதிர், நிறை பூமியைப் போல் 95 மடங்கு, ஆனால் ஆள் அவ்வளவு ஊதிப்போய் இருப்பதால் மேகத்து உச்சி மையத்தில் இருந்து வெகுதூரம். அந்த இடத்தில் எடை பார்த்தால் கிட்டத்தட்ட தக்கலையில் பார்க்கிற அதே எடைதான், கொஞ்சம் கூடும். இதைக் கேட்டதும் வேனில் ஓட்டுநர் உட்பட யாரும் நம்பவில்லை, வழியில் டீக்கடையில் நிறுத்தி காகிதத்தில் வகுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

குளச்சல் பையன் விடவில்லை. அவன் வீட்டில் கடல் தொழில். "அப்ப சூரியன் நிலாவ விட எவ்வளவு பெரிசு, வேலியேத்தம் மட்டும் நிலாவுக்கு ஏன் கூடுதல்?" என்றான். சூரியன் பூமியை இழுக்கிற விசை நிலா இழுப்பதைப் போல் கிட்டத்தட்ட 180 மடங்கு, அது சரிதான். ஆனால் கடல் ஏறுவதும் இறங்குவதும் மொத்த இழுப்பால் அல்ல. பூமியின் கிட்டத்துப் பக்கத்துக்கும் தூரத்துப் பக்கத்துக்கும் இழுப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பதால். அந்த வித்தியாசம் தூரத்தின் மூன்றாம் படிக்குக் குறையும், இரண்டாம் படிக்கு அல்ல. சூரியன் அவ்வளவு தூரத்தில் நின்று இழுக்கும்போது பூமியின் இரு பக்கமும் அதற்கு ஏறக்குறைய ஒரே தூரம். அதனால் வேலியேற்றத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது நீர் கூடுதலாக ஏறும் என்பதை அவன் எனக்குச் சொன்னான், அதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கொடைக்கானலில் மருந்துவாழ்மலைத் தப்பைத் திரும்பச் செய்யவில்லை. அறையில் ஜன்னலை அடைத்து, தராசைக் கல் தரையில் வைத்து, கல்லையும் பக்கத்திலேயே வைத்து, குளிருக்குப் பழகட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டோம். மேலே மூட ஒரு காலி பிஸ்கட் டின். பூஜ்யம் நின்றது. கல்லை வைத்தோம். 499.82. எடுத்து வைத்தோம், 499.83. பத்துத் தடவை வைத்ததில் 499.80க்கும் 499.84க்கும் நடுவில்தான் எல்லாம். அதே கல், அதே தராசு, முந்தின நாள் தக்கலையில் 500.00. இருபது வருஷம் கரும்பலகையில் எழுதியதை முதல் தடவையாக எண்ணாகப் பார்த்தேன். குளச்சல் பையன் டின்னைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் கணக்கு இடித்தது. கொடைக்கானல் உயரம் சுமார் 2,100 மீட்டர், வெறும் உயரத்துக்கு மட்டும் பார்த்தால் 0.33 கிராம் குறைந்திருக்க வேண்டும். எங்களுக்குக் குறைந்தது 0.18தான். பாக்கி எங்கே? இதுதான் இந்த முழுப் பரிசோதனையிலும் எனக்குப் பிடித்த இடம். பலூனில் ஏறி 2,100 மீட்டர் போயிருந்தால் 0.33 குறைந்திருக்கும். நாங்கள் நின்றதோ மலையின் மேல். காலுக்குக் கீழே இருக்கிற அந்த 2,100 மீட்டர் பாறையும் கல்லைக் கீழ்நோக்கி இழுக்கிறது, அதனால் சுமார் 0.12 திரும்பி வந்துவிடுகிறது. மேலும் கொடைக்கானல் நம்மை விட இரண்டு டிகிரி வடக்கே இருக்கிறது, அதனால் ஒரு 0.03. இரண்டையும் கழித்தால் 0.18. எண் இவ்வளவு அழகாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு, மெல்லிய மலைக்காற்றில் கல்லுக்கு மிதப்பு குறைவதும் ஓர் எண், இரண்டு எண் விளையாடும், நிலத்தடியிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு, அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை.

இடத்துக்கு இடம் இழுப்பு மாறுகிற விஷயத்தை முதலில் பிடித்தவர்கள் ஊசல் கடிகாரக்காரர்கள்தான். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசில் சரியாக ஓடிய கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் கயென் என்ற ஊருக்குக் கொண்டு போனார், அது நாளுக்கு இரண்டரை நிமிஷம் மெதுவாக ஓடியது. கயென் 5 டிகிரி வடக்கு, நம்மைப் போலத்தான். அடுத்த நூற்றாண்டில் பூகே என்பவர் ஆண்டீஸ் மலையில் ஊசலோடு ஏறி, உயரத்தால் குறைவது எவ்வளவு, மலை திருப்பிக் கொடுப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார், அந்தத் திருத்தத்துக்கு இன்னும் அவர் பெயர்தான். நம் நாட்டு நில அளவைத் துறையில் பசேவி என்ற அதிகாரி ஊர் ஊராக ஊசலைக் கொண்டுபோய் அளந்தார், 1871இல் லடாக்கின் உயரத்தில் அளந்துகொண்டிருக்கும்போதே குளிரில் நோய் வந்து இறந்துபோனார். அவர் பட்ட பாட்டை நினைத்தால் பிஸ்கட் டின்னோடு லாட்ஜில் உட்கார்ந்து அளந்த எங்கள் பாடு ஒன்றுமே இல்லை.

சரி, இப்போது கேல் பட்டன் கதை. மறுநாள் காலை நான் குளிக்கப் போன நேரத்தில், வளைகுடாப் பையன், தராசு 'தப்பா' காட்டுகிறதே, சரிபண்ணி வைப்போம் என்று நல்ல மனசோடு பட்டனை அழுத்திக் கல்லை வைத்துவிட்டான். தராசு கொடைக்கானல் இழுப்பை 500 என்று கற்றுக்கொண்டது. எனக்கு இது தெரியாது. ஊருக்கு வந்து வைத்தால் 500.18. நான் முதலில் தராசு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன், கம்பெனிக்குக் கோபமாக ஒரு மெயில்கூட எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. பையன் மெல்ல ஒத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அவன் தப்பால் பரிசோதனை இரண்டாம் முறை எதிர்த்திசையில் நடந்து, அதே 0.18 வந்திருக்கிறது. திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் பொரித்த சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் பட்டனை இவ்வளவு சுலபமாக, டேர் (பூஜ்யமாக்குகிற) பட்டனுக்குப் பக்கத்திலேயே வைத்தது தயாரிப்பின் பெரிய குறை, அதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

பாதாளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். பாடப் புத்தகச் சூத்திரப்படி ஆழம் போகப் போக ஈர்ப்பு நேராகக் குறைந்து மையத்தில் பூஜ்யம். தேர்வில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் அது பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துப் போட்ட கணக்கு, நிஜத்தில் நடுவில் கனமான இரும்பு இருப்பதால் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை ஈர்ப்பு தரையில் இருப்பதை விடக் குறையவே குறையாது, கொஞ்சம் கூடி 10.7 வரைக்கும் போய், அப்புறம்தான் இறங்கும்.

தூரம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை என்பதற்கு நம் வாசலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கன்னியாகுமரி முக்கடலில் சூரிய உதயம் பார்க்கிறோமே, அந்தக் கடலில் தெற்கே வெகுதூரம் போனால் இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரிய பரப்பு, அங்கே கடல்மட்டமே சராசரியை விட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான், ஆனால் கப்பலில் போகிறவனுக்குத் தெரியாது, தண்ணீருக்கு அதுவே சமதளம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2023இல் வந்த ஓர் ஆய்வு, பூமியின் அடியில் இருந்து மேலெழுந்த சூடான, கனம் குறைந்த பாறைதான் காரணம் என்கிறது. எங்கள் பையனுக்கு உடனே தராசைப் படகில் கொண்டு போக வேண்டுமாம். அலையில் 600 கிராம் தராசு என்ன பாடு படும் என்று சொல்லி அடக்கி வைத்திருக்கிறேன்.

இனி சமையலறைக்காரர்களுக்கு. ஈஸ்ட், மசாலா, காபித்தூள் எடைபோட நல்ல சாமான், கொள்ளாம். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஏசி அறையில் இருந்து எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும், இதை நிறுத்த வழியே இல்லை, மாவு கொட்டிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் எரிச்சல் வரும். பேட்டரி மூடியின் கொக்கி மூன்றாம் மாதமே உடைந்தது, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். இலவசக் கல்லை நம்பி கேல் செய்யாதீர்கள், 99.94ஐ 100 என்று கற்றுக்கொண்டால் அப்புறம் எல்லாமே கூடுதலாகக் காட்டும். கிராம்பு, ஏலம் என்று சில்லறை வியாபாரத்துக்கு இதை வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், முத்திரை இல்லாத தராசை வியாபாரத்துக்கு வைக்கச் சட்டம் அனுமதிக்காது. எனக்குத் தெரிந்த மலைத்தோட்டக்காரர் ஒருவர், தோட்டத்தில் போட்ட கிராம்பு எடை நாகர்கோவிலில் குறைகிறது, இது உயரத்தின் வேலையா என்று கேட்டார். அண்ணாச்சி, உயரத்தால் என்றால் கீழே வரும்போது கூடத்தான் வேண்டும், அதுவும் கிலோவுக்கு ஒரு சிட்டிகைகூட வராது. உங்களுடையது காயாத கிராம்பு.

ஐந்துக்கு நாலு. தராசு இப்போது டியூஷன் அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது, தக்கலைக்குத் திரும்பப் பழக்கி 500.00. கேல் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன், அதன் மேல் யாரோ பேனாவில் 'கொடைக்கானல்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும்.